பெட்டிக்கு வெளியே நிற்பவன்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ, அத்தான், வாண்டு மூவரும் நலம் என்று நானே வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ ஒரு கேள்விக்கு ஒன்பது கேள்வி கேட்பாய். எழுதினால் கேட்டதற்கு மட்டும் பதில் வரும் என்று ஒரு நம்பிக்கை.

என்னிடம் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது. வயது எட்டு வாரம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை முப்பத்தோரு சென்டிமீட்டர். எடை இரண்டு கிலோ எழுநூறு கிராம். இரவில் அது தூங்க ஒரு பெட்டி செய்ய வேண்டும். நீ பன்னிரண்டு வருடமாகக் கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கிறாய். நீளம், அகலம், உயரம் எவ்வளவு? காற்றுக்கு எத்தனை ஓட்டை, ஒவ்வொன்றின் விட்டம் என்ன? கதவை மூடலாமா? மூடினால் எத்தனை நேரம் வரை ஆபத்தில்லை? "பாசமாகப் பார்த்துக்கொள்" என்றெல்லாம் எழுதாதே. எனக்கு அளவு வேண்டும்.

குட்டி என்னுடையதல்ல. என்னோடு வேலை செய்யும் மீசை அண்ணன் சொல்லி வைத்திருந்தது. போன மாதம் ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள் இறங்கித் தகட்டின் தடிமன் அளந்துகொண்டிருந்தபோது அவருக்கு ஒரு விபத்து. மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பிழைத்துவிட்டார். குட்டியைக் கொண்டுவந்தவர் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கம்பெனி வாசலில் நின்றார். நான் வாங்கிக்கொண்டேன். அண்ணன் வீடு திரும்பும்போது இது இரவு முழுக்கப் பேசாமல் தூங்கப் பழகியிருக்க வேண்டும். அதுதான் திட்டம்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வெளியேதான் இருந்தேன்.

அத்தானுக்கு என் வணக்கம். சீக்கிரம் எழுது.

தம்பி


ஜனவரி 19

அவசரக்குடுக்கைக்கு அக்கா எழுதுவது,

இங்கே எல்லோரும் சுகம். வாண்டுக்கு மட்டும் சளி. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் அது அளவில் சேராது, அதனால் கேட்கவில்லை.

குட்டி நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். அதற்கு மேல் இடம் கொடுக்காதே. கொடுத்தால் ஒரு மூலையில் தூங்கி இன்னொரு மூலையில் ஒன்றுக்குப் போகும். வளருகிற ஜாதி என்றால் பெரிதாகச் செய்துவிட்டு நடுவில் ஒரு பலகையை வைத்துத் தடு, வளர வளரத் தள்ளிக்கொள். கதவுக்குப் பலகை வேண்டாம், கம்பி வலை போடு. மூன்று பக்கம் துணியால் மூடு, கதவுப் பக்கம் திறந்திருக்கட்டும். உள்ளே பழைய போர்வை, அதன்மேல் யாரோடு வாழப்போகிறதோ அவர் உடுத்திய சட்டை, துவைக்காதது. ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றி ஓரமாக வை. அதற்கு அம்மா வயிறு மாதிரி இருக்கும்.

முக்கியமானது இதுதான். முதல் நாளே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தாதே. பகலில் கதவைத் திறந்து வைத்து உள்ளேயே சாப்பாடு போடு. தானாகப் போய்ப் படுத்து, தானாகத் தூங்கட்டும். பிறகு மூடு. பெட்டி உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இரவில் ஒரு தடவை வெளியே தூக்கிப் போ, விளையாட்டுக் காட்டாமல் திரும்பக் கொண்டுவந்து விடு. கொஞ்சம் முனகும். முனகட்டும்.

உன் அத்தான் கடிதத்தைப் படித்துவிட்டு, "உங்க தம்பி நாய்க்குப் பெட்டி செய்றானா, ராக்கெட் செய்றானா?" என்கிறார்.

அந்த மீசைக்காரர் எப்படி இருக்கிறார்? போய்ப் பார்த்தாயா? வெளியே இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். எங்கே வெளியே?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமே. வாண்டின் சளி இந்நேரம் அத்தானுக்கு மாறியிருக்கும்.

பெட்டி தயார். பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட், உள்பக்கம் முழுக்க உப்புத்தாளால் தேய்த்தது, ஆணி முனை எங்கும் இல்லை, விரலால் தடவிப் பார்த்தேன். தடுப்புப் பலகை நகரும். கதவு கம்பி வலை. அது போதாது என்று பக்கங்களில் அறுபத்து நான்கு ஓட்டை போட்டேன். மீசை அண்ணனின் வேலைச் சட்டையை அவருடைய அலமாரியிலிருந்து எடுத்து வந்து விரித்திருக்கிறேன். எண்ணெய் வாடைதான், குட்டிக்குப் பிடித்திருக்கிறது.

உன் முறைப்படி மூன்று நாள் பகலில் பழக்கினேன். நாலாம் நாள் இரவு கதவை மூடினேன். மூடுவதற்கு முன் வேலையிலிருந்து ஆக்சிஜன் மீட்டரைக் கொண்டுவந்து உள்ளே வைத்துப் பார்த்தேன். 20.9 சதவீதம். அதுதான் சரியான அளவு. துணி போட்டு மூடியபின் பார்த்தேன், 20.9. குட்டி உள்ளே இருக்கும்போது ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், அப்போதும் 20.9. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்து இன்னொரு மீட்டரையும் வைத்தேன். அதே அளவு.

ஆனாலும் ஒன்று புரியவில்லை. முனகும்போது எனக்குப் பயமே இல்லை. அரை மணி நேரம் முனகிவிட்டுத் திடீரென்று நிறுத்துகிறது பார், அப்போதுதான் எழுந்து டார்ச்சைத் தேடுகிறேன். டார்ச் அடித்தால் விலா எலும்பு ஏறி இறங்குகிறதா என்று தெரிய நாலு விநாடி ஆகிறது. நாலு விநாடி சின்ன நேரம் இல்லை அக்கா.

துணியைக் கழற்றிவிட்டேன். தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டேன், இப்போது ஒரு நூலால் கட்டி வைக்கிறேன். இழுத்தால் அறும். பத்து வாரக் குட்டி எத்தனை விநாடி மூச்சு விடாமல் தாங்கும்? உங்கள் டாக்டரைக் கேட்டு எழுது.

எல்லோருக்கும் என் அன்பு.

தம்பி


பிப்ரவரி 4

தம்பிக்கு,

சளி அத்தானுக்குத்தான் வந்தது. உன் வாயில் சர்க்கரை போடத் தோன்றவில்லை.

நாய்க்குட்டிக்கு ஆக்சிஜன் அளந்தவன் உலகத்திலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய். ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொன்னேன், டாக்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து இன்னொரு முறை படித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

அறுபத்து நான்கு ஓட்டையும் ஒரு வலைக் கதவும் உள்ள பெட்டியில் மூச்சு முட்டாதுடா. டாக்டரிடம் நீ கேட்ட கேள்வியைக் கேட்கவில்லை. எதற்காக ஒருத்தன் இதைக் கேட்கிறான் என்று திருப்பிக் கேட்பார்.

ஒன்று செய். ஓர் இரவு நடப்பதையெல்லாம் மணிக்கணக்கோடு எழுதி அனுப்பு. உனக்குத்தான் குறிப்பு எழுதுவது கை வந்த கலையாயிற்றே. எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்கிறேன். குட்டியின் எடையையும் எழுது.

மீசைக்காரரைப் பார்த்தாயா, வெளியே என்றால் எங்கே என்று கேட்டிருந்தேன். அந்த வரியை மட்டும் பூச்சி தின்றுவிட்டதா?

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானை ஆவி பிடிக்கச் சொல்.

குட்டியிடம்தான் ஏதோ குறை. நீ சொன்ன எல்லாம் செய்தாகிவிட்டது, தூங்க மாட்டேன் என்கிறது. கேட்டபடி நேற்று இரவுக் குறிப்பை அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

10.04. பெட்டியைத் தட்டினேன். தலை தூக்கியது.
10.14. தட்டினேன். வால் அசைந்தது.
10.23. தட்டினேன். முனகல்.
10.35. தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். எழுந்து உட்கார்ந்தது.
10.44. தட்டினேன். குரைப்பு.

இப்படியே விடிய 5.10 வரை. மொத்தம் நாற்பத்து நான்கு வரி, எல்லாவற்றையும் எழுதினால் தபால் எடை கூடிவிடும். ஒவ்வொரு நேரமும் கடிகாரத்தைப் பார்த்து அந்த நொடியில் எழுதியது. ஒன்றைக்கூட முழு எண்ணாக மாற்றவில்லை, ஒன்றைக்கூட முன்கூட்டி எழுதவில்லை. இதை நீ நம்பலாம்.

எடை ஏறவில்லை. பகலில் தட்டில் முகம் வைத்தபடியே தூங்கி விழுகிறது. கால் நடுங்குகிறது. வியாதி ஏதாவது இருக்குமா? அண்ணன் அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறாராம். அதற்குள் இதற்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரிடம் என்ன சொல்வேன்? உடனே எழுது. நாளை எழுதலாம் என்று வைத்துவிடாதே.

அன்புடன்
தம்பி


பிப்ரவரி 20

டேய்,

நலம் விசாரிப்பதை நீயே போட்டுக்கொள். கோபத்தில் எழுதுகிறேன்.

நாய் தூங்காமல் இல்லை. நீ தூங்க விடாமல் இருக்கிறாய். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் படுக்கிற இடத்தின் சுவரைத் தட்டி, "இருக்கியா, இருக்கியா?" என்று கேட்டால் உன் அத்தானே கடித்துவிடுவார், அது பச்சைக் குட்டி. அந்த வயதுக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் தூங்க வேண்டும். வியாதி ஒன்றும் இல்லை, நீதான் அதன் வியாதி. இன்னும் பத்து நாள் இப்படியே போனால் நிஜமாகவே ஏதாவது ஆகிவிடும். அதைக் காப்பாற்றுகிறேன் என்று நீயே கொன்றுவிடுவாய்.

இன்றைக்கே தட்டுவதை நிறுத்து. துணியைப் போடு. விளக்கை அணை. நீயும் படு.

அப்புறம், யாரும் நாயைத் தட்டிப் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள். இது நீ எங்கேயோ கற்றுக்கொண்டது. "பதில் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் உன் எழுத்து மட்டும் கோணலாக இருக்கிறது. மூன்றாவது தடவை கேட்கிறேன், இனிமேல் கேட்க மாட்டேன். அன்றைக்கு அந்தத் தொட்டிக்கு வெளியே நீ எங்கே இருந்தாய்?

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஒரு மாதம் எழுதாததற்கு வேலை காரணம் இல்லை.

தட்டுவதை நிறுத்திவிட்டேன். முதல் இரவே குட்டி ஆறு மணி நேரம் தூங்கியது. எடை மூன்று கிலோ தொள்ளாயிரம். கால் நடுக்கம் போய்விட்டது. நான்தான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று உனக்குச் சொன்னதில்லை. தொட்டிக்கு ஒரே வாசல், ஓர் ஆள் நுழையும் அளவு வட்டம். உள்ளே மூச்சுவிடக் காற்று போதாது, அதனால் ஒருவர் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போவார். மூச்சுக்காற்று வெளியிலிருந்து குழாய் வழியாகப் போகும். இன்னொருவன் வாசலில் நிற்பான். அவனுக்கு மூன்றே வேலை. குழாய் மடங்காமல் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டியின் மேல் ஸ்பேனரால் தட்டி, உள்ளிருந்து பதில் தட்டு வருகிறதா என்று கேட்க வேண்டும். நோட்டில் நேரம் எழுதி "பதில் வந்தது" என்று கையெழுத்துப் போட வேண்டும். என்ன ஆனாலும் வாசலை விட்டு நகரக் கூடாது.

அன்றைக்கு வாசலில் நின்றவன் நான்.

அண்ணன் பத்து மணிக்கு இறங்கினார். பத்து ஐந்துக்கே நோட்டில் ஐந்து வரியையும் எழுதி முடித்துவிட்டேன். 10.10, 10.20, 10.30, 10.40, 10.50. ஐந்துக்கும் பதில் வந்தது, ஐந்துக்கும் கையெழுத்து. ஒரே விஷயத்தை ஐந்து தடவை எழுத எனக்குப் பொறுமை இல்லை என்பது உனக்குத் தெரியும். மூன்று முறை ஒழுங்காகத் தட்டினேன், பதில் வந்தது. பிறகு என் மீட்டரில் பேட்டரி தீர்ந்தது. எடுக்க ஸ்டோருக்குப் போனேன். நாலு நிமிடம். திரும்பி வந்து தட்டினேன். பதில் இல்லை. கூச்சல் போட்டு ஆட்களைக் கூப்பிட்டபோது மணி 10.52. அவரை நினைவில்லாமல்தான் வெளியே இழுத்தோம்.

அந்த நோட்டு அப்படியே விசாரணைக் குழுவுக்குப் போயிற்று. 10.40, 10.50, அந்த இரண்டு வரியும் பொய் என்று நான் சொல்லவில்லை. 10.50க்குப் பதில் தந்த மனிதர் இரண்டு நிமிடத்தில் எப்படி விழுவார்? அவரே முகமூடியைக் கழற்றியிருக்க வேண்டும், கவனக்குறைவு, என்று எழுதிவிட்டார்கள். இனி அவரை எந்தத் தொட்டியிலும் இறக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருடம் அதைத் தவிர வேறு வேலை அவர் செய்ததில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டார். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் என் மேல் வழக்கு வரும், இந்தத் தொழிலில் எங்கேயும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். ஜெயில்கூட இருக்கலாம். பயமாக இருக்கிறது அக்கா. கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

நாங்கள் நலம். கிழிக்கவில்லை.

கணக்கில் நீதான் வீட்டிலேயே புலி. ஆனாலும் கேட்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. நாலு நிமிடம் போயிருந்தால் அதிகபட்சம் ஒரு வரிதான் பொய்யாக முடியும். நீயே இரண்டு வரி என்கிறாய்.

எத்தனை நிமிடம் என்று சரியாக எழுது. அதற்குப் பிறகுதான் நான் உனக்குப் பதில் எழுத முடியும்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

பத்தொன்பது.

10.32க்குப் போனேன், 10.51க்கு வந்தேன். பேட்டரி எடுக்க நாலு நிமிடம்தான் ஆனது. மீதி ஸ்டோர்காரரோடு பேசிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது காற்றுக் குழாய் வாசல் விளிம்பில் மடிந்து கிடந்தது. யாரும் வருவதற்கு முன் அதை நான் நேராக்கிவிட்டேன். இது யாருக்கும் தெரியாது.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. எல்லோரும் சுகமாக இருங்கள்.

தம்பி


ஏப்ரல் 17

என் தம்பிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். முதலாவதில் உன்னைத் திட்டினேன், இரண்டாவதில் சமாதானம் சொன்னேன். மூன்றாவதில் என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். "பேசாமல் இருந்துவிடு" என்பதற்கு வெகு பக்கத்தில் போய்விட்டேன். எனக்கும் பயம்டா. நீ சின்னவனாக இருந்தபோது சாலையைக் கடக்க உன் கையை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பேன் என்றால், உனக்கு வலித்து அழுவாய். அதே பயம்.

உன் அத்தான், "என்ன எழுதியிருக்கான், முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார். "நாய்க்கு வயித்தால போகுதாம்" என்றேன். பதினான்கு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அன்றிலிருந்து அவர் நாயைப் பற்றி விசாரித்தபடி இருக்கிறார், நானும் தினம் ஒன்று சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரத்துக்கே எனக்கு மூச்சு முட்டுகிறது. நீ நாலு மாதமாக இதில் இருக்கிறாய்.

அந்த மனிதர் உள்ளே என்ன பண்ணியிருப்பார், பத்தொன்பது நிமிடமும்? சும்மா படுத்திருப்பாரா? அதை நினைத்தால் சமையலறையில் நின்றது நின்றபடி நின்றுவிடுகிறேன். அவர் தட்டியிருப்பார் இல்லையா? அதை யாரிடம் சொன்னார்? யார் நம்பினார்கள்?

போ. முதலில் விசாரணைக் குழுவிடம் எழுதிக் கொடு, பிறகு அவர் வீட்டுக்குப் போ. இந்த வரிசையிலேயே செய். முதலில் அவர் வீட்டுக்குப் போனால் அவர் பாவப்பட்டு, "விட்டுடுடா" என்று சொல்லிவிடலாம், நீயும் விட்டுவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

என்ன வந்தாலும் இந்த வீட்டில் உனக்கு ஒரு பாய் உண்டு. இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதே, தகவலாக எடுத்துக்கொள்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவரும் நலமா? இந்தக் கடிதத்தை அத்தானும் படிக்கட்டும். பழையவற்றையும் அவரிடம் கொடுத்துவிடு.

திங்கட்கிழமை காலை எழுதிக் கொடுத்தேன். குழுவில் மூன்று பேர். ஒருவர் படித்துவிட்டு, "தம்பி, இதைக் கொடுக்கணும்னு உங்களை யாராவது மிரட்டினாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். குழாய் மடிந்திருந்ததைத் தனித்தாளில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். என் நுழைவு அட்டையை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார்கள். பத்தொன்பதாம் தேதி மறுபடி வர வேண்டும், வக்கீல் யாராவது இருந்தால் கூட்டிவரலாம் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் குட்டியைப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் எடுத்துப் போனேன். அண்ணன் வீடு வெளிப்பக்கமாகப் பூட்டியிருந்தது. ஆள் இல்லை போலிருக்கிறது என்று எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்குள் அண்ணி பையோடு வந்தார், பூட்டைத் திறந்தார்.

"உள்ளதான் இருக்கார்" என்றார். "தனியா விட பயமா இருக்கு, அதான் பூட்டிட்டுப் போறேன். தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளு. அவர் என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லிடு. மறுத்துப் பேசாத. காத்து இல்லாம மூளைக்கு ஏதோ ஆயிருக்கு, நடக்காததெல்லாம் நடந்ததா நினைக்கிறார். எதிர்த்துப் பேசினா படபடப்பு வந்துடும்."

உள்ளே போனேன். கேஸ் அடுப்பைத் திறக்கும் திருகுகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். கத்தி, கத்தரிக்கோல் எதுவும் கண்ணில் படவில்லை. அண்ணன் ஜன்னல் ஓரம் நாற்காலியில் இருந்தார். ஆஸ்பத்திரியில் மீசையை எடுத்துவிட்டார்கள். அது இல்லாமல் அவர் யாரோ போலிருந்தார். குட்டி ஓடிப் போய் அவர் காலில் ஒன்றுக்கு இருந்தது. "மரியாதை தெரிஞ்ச பய" என்று சிரித்தார். மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நல்லா வளத்திருக்கேடா. என்னைப் பாக்க ஏன் வரல? பயந்துட்டியா, பைத்தியக்காரன்னு?"

"இல்லண்ணே."

"எனக்கே பயமாத்தான் இருக்கு. உள்ள நான் தட்டினேன்னு எனக்கு ஒரு நெனப்பு. காத்து வரல, தட்டினேன். மூணு மூணா தட்டினேன். கை ஓயுற வரைக்கும் தட்டினேன். ஆனா நீ எழுதின நோட்டுல, நீ தட்டினே, நான் பதில் குடுத்தேன்னு இருக்காம். கடைசி ரெண்டு தடவையும் குடுத்திருக்கேனாம். பதில் குடுத்தது எனக்கு ஞாபகமே இல்ல. தட்டினதுதான் ஞாபகம் இருக்கு. அப்போ எது நெஜம்? ராத்திரி படுத்தா இதேதான். இன்னிக்குச் சாப்பிட்டேன்னு தோணுது, அது நெஜமான்னு இவளைக் கேக்குறேன்."

"ஆமாங்க, சாப்பிட்டீங்க" என்றார் அண்ணி, சமையலறையிலிருந்தே.

வரும்போது பஸ்ஸில் நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன் அக்கா. ஒன்றும் வரவில்லை. "நீங்க தட்டினது நெஜம்ணே" என்றேன். "நான் அங்க இல்ல. பத்து முப்பத்திரண்டுலேருந்து பத்து அம்பத்தொண்ணு வரைக்கும் நான் வாசல்ல இல்ல. அந்த ரெண்டு வரியும் முன்னாடியே எழுதி வச்சது."

"திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன். "ஏய், இங்க வா" என்று அண்ணியைக் கூப்பிட்டார். "இவகிட்டச் சொல்லு." மூன்றாவது தடவை சொன்னேன். ஈரக்கையோடு நின்ற அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க போன?"

"பேட்டரி எடுக்க."

"அதுக்குப் பத்தொம்பது நிமிஷமா?"

"ஸ்டோர்காரரோட பேசிட்டு நின்னேன்."

"என்ன பேசின?"

"அவரோட பைக் எவ்வளவு மைலேஜ் குடுக்குதுன்னு."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. குட்டியின் காதைத் தடவினார். "நான் தட்டினேன்" என்று அதனிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல், "வெளிய போ. இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார்.

வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். "அந்தப் பெட்டியையும் எடுத்துட்டுப் போ" என்று பின்னாலேயே குரல் வந்தது. "இது என்கூடக் கட்டில்ல படுக்கும்."

நான் பெட்டியைத் தூக்கும்போது அண்ணி தரையிலிருந்து எழுந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கட்டில்லயா? அதெல்லாம் முடியாது" என்றார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னது?"

"நாய் கட்டில்ல ஏறக் கூடாது. சொல்லிட்டேன். போர்வை முழுக்க ரோமமாகும், யார் துவைக்கிறது? நீங்களா?"

"என் கட்டிலு, என் நாயி!"

"உங்க கட்டிலா? யார் வீட்லேருந்து வந்த கட்டிலு அது?"

தெருமுனை வரைக்கும் அந்தச் சண்டை எனக்குக் கேட்டது.

பத்தொன்பதாம் தேதிக்கு அத்தான் கூட வர முடியுமா என்று கேட்டு எழுது. வாண்டுக்கு என் முத்தம்.

தம்பி